கோடு விழுந்த அச்சு

மரக்காணம்
12.6.2025

என் அன்புக்குரிய பிரியங்கா அப்பாவுக்கு, தெய்வநாயகி வணக்கத்துடன் எழுதுவது. நானும் பிரியங்காவும் நலம். உங்கள் முதுகுவலி இப்போது எப்படி இருக்கிறது?

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் கத்துவீர்கள், எனக்கு வார்த்தை வராது. நம் தெரு அசோகன் நாளைக்குச் சிங்கப்பூர் வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுதும் படித்துவிட்டுப் போன் செய்யுங்கள்.

போன வாரம் பெய்த மழையில் உப்பளம் முழுக்கத் தண்ணீர். வாரி வைத்த உப்பு பாதி கரைந்துவிட்டது. எங்கள் யாருக்கும் வேலை இல்லை. பிரியங்கா நம் வீட்டில்தான் இருக்கிறாள். ஐந்தாம் மாதம் நடக்கிறது. வாந்தி நின்றுவிட்டது. குழந்தை நன்றாக இருப்பதாக ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காசு அச்சுகளில் ஒன்று போலீசிடம் இருக்கிறது. கடைத்தெரு அரசப்பன் பத்தர் ஜெயிலில் இருக்கிறார். இரண்டுக்கும் காரணம் நான்.

மற்ற வீட்டு ஆம்பளைகள் ஊருக்கு வரும்போது சென்ட்டும் புடவையும் கொண்டு வருவார்கள். நீங்கள் எந்தெந்த நாட்டு அரசாங்க நாணயச்சாலையோ ரிட்டையர் செய்து விற்ற இரும்பு அச்சுகளைக் கொண்டு வருவீர்கள். பன்னிரண்டு சேர்ந்துவிட்டது. நான் குறை சொல்லவில்லை. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்றீர்கள், வாராவாரம் தையல் மிஷின் எண்ணெய் போட்டுத் துடைத்துத்தான் வந்தேன். துடைக்கும்போதெல்லாம் ஒரு அச்சில் இருக்கும் அந்த ராணி முகம் என் கையில் வரும். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரே வெட்டு.

சாமி படத்தில் கண்ணாடி உடைந்தாலே நாம் வீட்டில் வைப்பதில்லை, கொண்டுபோய் அரசமரத்தடியில் வைத்துவிடுவோம். அப்படியிருக்க, ஒரு பெண் முகத்தை மூளியாகப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டே இருந்தது. பிரியங்காவுக்கு முதல் இரண்டும் நாலாம் மாதத்தில்தான் கலைந்தன. இந்தத் தடவை நாலு பிறந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. உங்களுக்குப் பிடித்த பொருள், தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. தாலிக்கு அச்சு செதுக்குகிற கை ஆயிற்றே என்று பத்தரிடம் கொண்டுபோனேன். ராணியம்மாவுக்கு வைத்தியம் பாத்துடறேன், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கம்மா என்று சிரித்தார்.

வியாழக்கிழமையே போலீஸ் வந்துவிட்டது. திருட்டுச் சங்கிலி ஒன்றைத் தேடி நகைக் கடைகள் எல்லாவற்றையும் சோதித்தார்களாம். பத்தர் வெட்டை அடைத்துச் செதுக்கி முடித்து, முகம் சரியாக விழுகிறதா என்று மெல்லிய வெள்ளித் தகட்டில் இரண்டு தடவை அடித்துப் பார்த்திருக்கிறார். எந்த அச்சையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். அந்த இரண்டு வெள்ளி வட்டமும் அச்சும் அவர்கள் கண்ணில் பட்டன. கள்ள நாணயம் என்று கேஸ் போட்டுவிட்டார்கள்.

ஓய்வு கொடுத்த அச்சில் இனி யாரும் காசு அடிக்கக் கூடாது என்று நாணயச்சாலையே போடுகிற வெட்டாம் அது. வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்களும் ஒரு தடவை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்தர் உள்ளே போய்ப் பதினைந்து நாளாகிறது. அவர் மனைவி சிவசங்கரி முந்தாநாள் நம் வீட்டுக்கு வந்தார். எவ்வளவு கேட்டும், குடும்பப் பொம்பள ஒருத்தி குடுத்தா, பேரு சொல்ல மாட்டேன் என்று மனுஷர் பிடிவாதமாக இருக்கிறாராம். என்னைக் கடையில் பார்த்த நினைவில், நீங்க குடுத்ததாக்கா அது என்று கேட்டார். எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா என்று சொல்லிவிட்டேன். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, தப்பா நெனச்சிக்காதீங்க என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு பொய் சொல்வேன் என்று நான் நினைத்ததில்லை.

குழந்தை தங்கியது அந்த முகம் சரியானதால்தானோ என்று இப்போதும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நீங்கள் சிரிப்பீர்கள். அது எப்படியோ இருக்கட்டும். அந்த மனிதர் உள்ளே இருக்கும்போது நான் பேரப்பிள்ளையை எப்படிக் கையில் வாங்குவேன்?

என் தம்பி வெற்றிச்செல்வன் வாயைத் திறக்காதே என்கிறான். மீதி பதினொன்றையும் கழுவெளி ஏரியில் போட்டுடு, உன் பேரு வந்தா மாமா பாஸ்போர்ட்டுக்கும் ஆபத்து என்று குதிக்கிறான். அவன் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் போடவில்லை. எல்லாவற்றையும் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

நேற்று திண்டிவனம் போய்ப் பத்தரின் வக்கீலைப் பார்த்தேன். திங்கட்கிழமை ஜாமீன் மனு கோர்ட்டுக்கு வருகிறது. அன்றைக்குப் போய், கொடுத்தது நான்தான், ஏன் கொடுத்தேன் என்பது இதுதான் என்று சொல்லப் போகிறேன். என்னையும் கேஸில் சேர்ப்பார்கள், உள்ளே வைத்தாலும் வைப்பார்கள் என்று வக்கீல் எச்சரித்தார். சேர்க்கட்டும். உங்களிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு அச்சோடும் நாணயச்சாலை கொடுத்த காகிதம் உங்கள் பெட்டியில் இருக்குமே. ராணி அச்சின் காகிதத்தைப் போட்டோ எடுத்து உடனே அனுப்புங்கள், அசலைக் கூரியரில் போடுங்கள். வெட்டோடுதான் வாங்கினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. என் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அதை மட்டும் அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள்.

பிரியங்காவிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்வேன். மாப்பிள்ளை பரத்தை வந்து கூட இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். மயிலம் முருகன் உங்களைக் காக்கட்டும். ஐப்பசியில் பிரசவம் இருக்கும் என்கிறார்கள். எப்படியாவது லீவு கேட்டு வந்துவிடுங்கள். நம் இரண்டு பேரில் ஒருவராவது அவள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உங்கள் தெய்வநாயகி