என் பெயரில் கரும்புள்ளி

மார்ச் 9
மதிப்பெண் குறைவென்று எச்சரிக்கைக் கடிதம் இரண்டு வந்தாயிற்று. மூன்றாவது வந்தால் கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்கள். பாடம் தெரியாமல் இல்லை. தேர்வில் பக்கத்துப் பெண் பேனாவைத் தட்டினால் போதும், என் மனம் அதன் பின்னால் போய்விடுகிறது. கவனக்குறைபாடு என்று மருத்துவர் சான்று தந்தால் தனி அறையும் கூடுதல் நேரமும் உண்டாம்.

மார்ச் 12
மனநல டாக்டர் சோக் பொறுமையாகக் கேட்டார். ஆனால், "பன்னிரண்டு வயசுக்கு முன்னாடியே இப்படித்தான் இருந்தேன்னு காட்டணும்மா. ஸ்கூல் ரெக்கார்டு கொண்டு வா" என்றார்.

மார்ச் 13
எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு: 'ஆர்வத் துடிப்பு மிக்கவள்.' நான்காம் வகுப்பு: 'கற்பனை வளம் உள்ளவள்.' அடக் கடவுளே, யார் இந்த உத்தமி? நம் ஆசிரியர்கள் குறை எழுதமாட்டார்கள்தான். அதற்காக இப்படியா? சிரித்தேன். பிறகு அழுதேன்.

மார்ச் 14
அம்மாவுக்குப் போன் போட்டேன். எங்கள் ஊரான குன்சானில், தொடுகறி விற்கும் கடையில் இருந்தாள்.

"டீச்சர் கால்ல விழாத குறையா நான்தாண்டி கெஞ்சினேன், பிள்ளை பேர்ல கரும்புள்ளி வேண்டாம்னு. இப்ப நீயே போய் மூளை சரியில்லைன்னு எழுதி வாங்கப்போறியா? நாளைக்கு எவன் வேலை தருவான்?"

"காலேஜ்லேர்ந்து துரத்தினா சந்தோஷமா உனக்கு?"

வைத்துவிட்டாள். பாவி. — இல்லை, நான்தான் பாவியோ?

மார்ச் 17
அம்மா போனை எடுக்கவில்லை.

மார்ச் 21
காலையில் வாசலில் அம்மா. ஒரு கையில் கிம்ச்சி ஊறுகாய் டப்பா, மறு கையில் துணி மூட்டை. உள்ளே என் ஆரம்பப் பள்ளி அறிவிப்பு நோட்டுகள் — மறுநாள் என்ன கொண்டுவர வேண்டும் என்று தினமும் எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்குவோமே, அவை.

பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியையின் சிவப்பு மை. 'இன்றும் வண்ணப்பெட்டி மறந்தாள்.' 'பாடத்தின் நடுவே எழுந்து போனாள்.' ஒவ்வொன்றின் கீழும் அம்மா: 'மன்னிக்கவும். கண்டித்து வைக்கிறேன்.' ஆறு வருடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். நான் ஒருநாளும் அதைப் படித்ததே இல்லை.

"இதையெல்லாம் ஏம்மா வச்சிருந்தே?"

"நீ கைப்பட எழுதினதுடி. எப்படித் தூக்கிப்போட மனசு வரும்?"

இருவருமாக டாக்டரிடம் போனோம். பெற்றோர் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'எப்போதும்' என்று குறித்தாள். கடைசிக் கட்டத்தில், பழக்கதோஷம், 'மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தாள்.

"இதுல நீங்க மன்னிப்புக் கேக்க ஒண்ணுமே இல்லைம்மா" என்றார் டாக்டர். அம்மா தேம்பித் தேம்பி அழுதாள்.

ஏப்ரல் 22
சான்று கிடைத்து, இன்று தேர்வுக்குத் தனி அறை. முதல்முறையாகக் கடைசிக் கேள்வி வரை எழுதினேன். வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"மழையாமே அங்க. குடையை எடுத்தியா?"

எடுக்கவில்லை. தேர்வறைக்கே திரும்பிப் போய் எடுத்து வந்தேன்.