கியர் போட்டும் அணையாத இஞ்சின்

என் வீட்டுக்காரிக்கு,

படகைத் துறையில் கட்டிவிட்டு, இஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு, காதால் கேட்டுக் கேட்டே அது சும்மா ஓடும் வேகத்தைச் சரிசெய்யும் ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன். சத்தம் சீராகத்தான் இருந்தது. கியர் போட்டால் மட்டும் இஞ்சின் அணைந்தது.

நம் மகள் வந்தாள். “காது கேக்காத பிள்ளைக்கு இஞ்சின் வேலையா?” என்று நான் கேட்டதில்தானே நீ கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாய்? இன்று தடுக்கவில்லை.

பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைத் தொடுவதுபோல் இஞ்சினைத் தொட்டாள். கியரைப் போடும்படி சைகை காட்டினாள். போட்டேன். அது திணறி அணைவதற்குள் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருகினாள். அதன்பிறகு அணையவே இல்லை. தூங்கும் குழந்தையின் மூச்சுபோல் ஓடியது.

ஸ்க்ரூ டிரைவரை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

அவள் கை வைத்த இடத்தில் நானும் கை வைத்துப் பார்த்தேன். எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை.

நீ வரும்வரை துறையில் நிற்கும்,
உன் வீட்டுக்காரன்