வலது கையுறை

ஜூன் 4, வியாழன்
அம்மா விமானத்தின் ஒரு துண்டை, இன்ஜின் மூடியை, வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மரத்தில் செய்த மாதிரிதான். தாழ்ப்பாள் மட்டும் அசல். அலுவலகத்தில் அவள் வரைந்து வடிவமைக்கும் விமானம் சின்னது, ராணுவத்துக்கு. பட்டறையே இல்லாத பனிமலையில் நிற்கப்போகிறதாம். அங்கே வெறும் விரல் பட்டால் இரும்பில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கையுறையோடே அந்த மூடியைத் திறக்க முடிய வேண்டும்.

"எனக்கு இது மனப்பாடம். ஒண்ணும் தெரியாத கை வேணும்," என்று தடித்த கையுறைகளை நீட்டினாள்.

"பழக்கமில்லாத கைன்னு மரியாதையா சொல்லும்மா."

திறந்துவிட்டால் இந்த வேலை முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன் என்றாள்.

தாழ்ப்பாள் அசையவே இல்லை. அடுப்பில் பால் பொங்க, அம்மா ஓடினாள். நான் வலது கையுறையைக் கழற்றினேன். டக், திறந்துகொண்டது. திரும்ப மாட்டிக்கொண்டேன்.

"அதுக்குள்ளயா! என் தங்கம்டி நீ!"

ஜூன் 5
சோறு இறங்கவில்லை.

ஜூன் 7, ஞாயிறு
அம்மா வீட்டில். பாட்டு முணுமுணுத்தபடி எனக்குத் தலை பின்னிவிட்டாள். கண்ணாடியில் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

ஜூன் 12
அலுவலகத்தில் சோதனை. பனிமலையில் வேலை பார்த்த படைவீரர்கள் வந்தார்களாம். கையுறையோடு ஒருவராலும் திறக்க முடியவில்லையாம்.

"என் பொண்ணே திறந்துட்டாளேன்னு எல்லார் முன்னாடியும் பீத்திக்கிட்டேன்," என்று அப்பாவிடம் சொன்னாள்.

"அப்ப அவளையே பட்டாளத்துல சேத்துடு," என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். நான் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஒரு வரிகூட ஏறவில்லை. சொல்லித் தொலைத்தால் என்ன? அடிப்பாளா? அடித்தால்கூடத் தேவலை — இந்தச் சோதனை மட்டும் நடக்காவிட்டால் அங்கே யாரோ ஒருத்தர் விரல் போயிருக்குமே. படிக்கிற பொண்ணாம் நான். சீ.

ஜூன் 21, ஞாயிறு
புதுத் தாழ்ப்பாள், இழுக்க ஒரு வளையம். அம்மா எனக்குக் கையுறைகளை மாட்டி, மணிக்கட்டில் கயிறு சுற்றி இறுக்க முடிச்சுப் போட்டாள். காது மடல் சுட்டது. அடுப்பை முன்பே அணைத்திருந்தாள்.

இழுத்தேன். வளையம் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது.

"வரலம்மா."

"காதுல விழல."

"வரல!"

"அப்படிச் சொல்லுடி," என்று பென்சிலை எடுத்தாள்.