சமையற்காரர் படுத்திருக்கும் குழியில் எங்கள் மகளுக்கும் இடம் கேட்டு

அனுப்புநர்:
போதகரின் மனைவி,
சீருடைத் தையற்கூடத்தில் ஓரம் தைப்பவர்,
சலவைக்கடைக்கு மேல், மூன்றாம் மாடி.

பெறுநர்:
கல்லறைப் பிரிவு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: வெளிநாட்டவர் பகுதி, குழி எண் 214-ஐ மீண்டும் திறந்து, ஆகஸ்ட் 3 அன்று இறந்தே பிறந்த எங்கள் மகளை அதில் அடக்கம் செய்ய அனுமதி கோருதல்.

பார்வை: அனுமதி மறுத்துத் தாங்கள் எழுதிய ஆகஸ்ட் 14 தேதியிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவைத் தமிழில் எழுதுவதற்கு மன்னிக்கவும். உங்கள் மொழியில் எனக்குப் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களும் துணி வகைகளும்தான் தடங்கல் இல்லாமல் வரும். மூன்றாம் சன்னலில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் இதைத் தங்களுக்குப் படித்துச் சொல்வார். போன வாரம் நான் கால் மணி நேரம் அழுதழுது சொன்னதை அவர் “இடம் கேட்கிறார்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த அளவுக்கு எனக்கும் மொழி புரியும். பின்னால் வரிசை நீளமாக இருந்தது, அவரைக் குறை சொல்லவில்லை. இந்த முறை ஒரு வரியும் விடாமல் படிக்கும்படி அவரையும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

1. நானும் என் கணவரும் மூன்றரை ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்தோம். அவருக்கு வயது முப்பது, எனக்கு இருபத்தேழு. இங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் நடுவில் ஊழியம் செய்ய எங்கள் சபை எங்களை அனுப்பியது. ஊழியம் என்றதும் பெரிய கோயிலையும் மணிக்கூண்டையும் நினைத்துவிட வேண்டாம். வார நாட்களில் அவர் பார்சல் கிடங்கில் பெட்டி பிரிக்கிறார், நான் மருத்துவமனைச் சீருடைகளுக்கு ஓரம் தைக்கிறேன். ஞாயிறு காலை ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டு ஆராதனை. ஷிப்ட் இடிக்காத ஞாயிறுகளில் இருபத்தாறு பேர் வருவார்கள். என் அப்பா வயது ஆட்கள்கூட என்னைப் “பாஸ்டரம்மா” என்பார்கள். மீதி ஊழியமெல்லாம் படிவம் நிரப்புவதுதான். என் கணவரின் பையில் வேதாகமத்தைவிட உங்கள் அலுவலகப் படிவங்கள்தான் கனம்.

2. அந்த இருபத்தாறு பேரில் என்னைப் பாஸ்டரம்மா என்று கூப்பிடாதவர் ஒருவர்தான். தொழிலாளர் விடுதியில் சமையற்காரராக இருந்தவர். முதல் ஞாயிறே “இந்தச் சின்னப் பொண்ணைப் போயி அம்மாங்கிறதா? தங்கச்சின்னுதான் கூப்பிடுவேன்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பாட்டு வராது, ஆனால் அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவார். என் கணவர் பிரசங்கத்தை நீட்டினால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். எனக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அது தெரிந்ததும், “உனக்குப் புள்ள பொறந்தா தாய்மாமன் நான்தான், வேற எவனும் போட்டிக்கு வரக் கூடாது” என்று பள்ளிக்கூட வாசலில் நின்று சட்டம் பேசினார். ஊரில் அவருக்கு யாரும் மிச்சமில்லை.

3. ஜனவரியில் அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் பதினொரு நாள் இருந்தார். கடைசி ஞாயிறு நான் போனபோது, யாரும் கேட்டுவராத உடலை நகராட்சி எரித்துவிடும் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லக் கேட்டு மிரண்டு போயிருந்தார். “இருபத்திரண்டு வருஷம் நெருப்புக்கு முன்னாடியே நின்னாச்சு தங்கச்சி. செத்த பிறகும் அதுலயேவா?” என்றார். நான், “சும்மா இருங்கண்ணே, நீங்க எழுந்து வந்து சமைக்கத்தான் போறீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நாளில், ஜனவரி 14 அன்று, அவர் இறந்துபோனார்.

4. விடுதியில் தங்கும் தொழிலாளிக்கு உங்கள் கல்லறையில் இடம் கிடையாது என்பதும், பதிவு செய்த வெளிநாட்டுக் குடும்பத்துக்கு மட்டும், குடும்பத்துக்கு ஒரே ஒரு குழி என்பதும் எங்களுக்கு அன்றுதான் தெரியவந்தது. என் கணவர் எங்கள் குழியை அவருக்குக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்று சண்டை பிடித்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. “சரி விடுங்க, நமக்கு இப்போ குழி எதுக்கு? சாகவா வந்திருக்கோம்?” என்றேன்.

5. மறுநாள் இரண்டாவது கையெழுத்தை நான்தான் போட்டேன். அதை மறைக்க விரும்பவில்லை. சன்னலில் இருந்த உங்கள் எழுத்தர் நல்ல மனிதர். “ஒரு குடும்பத்துக்கு ஒன்று மட்டும்” என்ற வரியைப் பேனாவால் இரண்டு முறை தொட்டுக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். எங்கள் வயதைப் பார்த்து அவரும் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். ஐயா, நான் கையெழுத்துப் போட்டபோது என் மகள் என் வயிற்றில் இருந்தாள். அந்த மாதக் கடைசியில்தான் எனக்கே தெரியும்.

6. ஆகஸ்ட் 2 அன்று தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தபோது, காலையிலிருந்து அவள் அசையவில்லை என்பது உறைத்தது. மறுநாள் பிறந்தாள். எட்டாம் மாதம். மூன்றாம் நாள் எனக்குப் பால் சுரந்தது. அதை இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன். தங்கள் கடிதம் அவளை “மேற்படி எச்சம்” என்கிறது. சட்டத்தில் அதற்கு வேறு சொல் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவளுக்கு நகங்கள் இருக்கின்றன, ஐயா. என் கணவரின் காது அப்படியே இருக்கிறது. சீருடைத் துணியின் மிச்சத்தில் அவளுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்தேன். பிணவறைப் பணியாளர் பெண்மணி வாங்கிப் போட்டுவிட்டு, சரியாக இருந்தது என்று சைகையில் சொன்னார்.

7. ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று மாமியார் தொலைபேசியில் அழுகிறார்கள். உயிரோடு பிறக்காத பிள்ளைக்குப் பிறப்புச் சான்றும் இல்லை, கடவுச்சீட்டும் இல்லை. செப்டம்பர் 2 அன்று முப்பது நாள் முடிகிறது. அதற்குப் பிறகு மருத்துவமனை அவளை நகராட்சியிடம் ஒப்படைத்துவிடும், நகராட்சி எரித்துவிடும். எரிப்பதைப் பாவம் என்று நான் சொல்லவில்லை. பத்துப் பேரோடு சேர்த்து எரித்து எங்கே கொட்டினார்கள் என்று தெரியாமல் போவதைத்தான் என்னால் தாங்க முடியாது.

8. தங்கள் கடிதம் இரண்டு காரணம் சொல்கிறது. எங்கள் குடும்பத்தின் குழி ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது என்பது ஒன்று. அந்தக் குழியில் இருப்பவர் எங்களுக்கு உறவல்ல, உறவுக்காரருக்காக மட்டுமே குழியை மறுபடி திறக்க முடியும் என்பது இன்னொன்று. நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனாலும் இதை நாலைந்து தடவை படித்துப் பார்த்துவிட்டேன், பொருந்தவே இல்லை. அவர் எங்கள் வீட்டு ஆள் இல்லையென்றால், எங்கள் குழி இன்னும் பயன்படவில்லை, அதைக் கொடுங்கள். அவர் எங்கள் வீட்டு ஆள்தான் என்றால், என் மகளும் அதே வீட்டுப் பிள்ளை, 214-ஐத் திறந்து கொடுங்கள். இரண்டு வாசலையும் ஒரே நேரத்தில் சாத்தினால் நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவோம்?

9. இதை என் கணவர் எழுதியிருக்க வேண்டும். யாருக்கு என்றாலும் மனு எழுதிக் கொடுப்பவர் அவர்தான். வீட்டில் உப்பு குறைந்தால்கூட மூன்று குறிப்புகளோடு பேசுகிற மனிதர் இந்தப் பதினாறு நாளாக வாய் திறப்பதில்லை. போன ஞாயிறு பாட்டின் முதல் வரியைச் சொன்னவருக்கு அடுத்த வரி வரவில்லை. சபையார் பாடி முடித்தார்கள். “அந்தக் கையெழுத்த நான் போடாம இருந்திருந்தா” என்று நேற்று ஒரே ஒரு முறை சொன்னார். போடாமல் இருந்திருந்தால் அண்ணனை எரித்திருப்பார்கள். அதற்கு மேல் எங்கள் இரண்டு பேராலும் யோசிக்க முடியவில்லை. அவர் செய்ததை நான் தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் இரண்டு நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். அவருக்கு அது தெரியும்.

10. ஏன் இப்படி நடந்தது என்று கடவுளிடம் கேட்க வேண்டியதை நான் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். அது தங்கள் அலுவலகத்துக்கு வராது. தங்களிடம் கேட்பது மண்ணை மறுபடி ஒரு முறை தோண்டும் அனுமதி மட்டும்தான். எங்கள் சபைத் தச்சர் பெட்டி செய்து வைத்திருக்கிறார். முதலில் செய்தது மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று பிரித்துப்போட்டு மறுபடி செய்தார். நீளம் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். தோண்டுவதற்கு ஆள் இல்லையென்றால் எங்கள் ஆட்களே வருவார்கள். ஜெபத்தை யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை, அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஆகவே, செப்டம்பர் 2-க்குள் குழி எண் 214-ஐத் திறக்க உத்தரவிட்டு, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். படிவத்தில் “புதைக்கப்பட்டவருக்கு என்ன உறவு” என்ற கட்டத்தைப் போன முறை காலியாக விட்டது என் தவறு. இந்த முறை நிரப்பி இணைத்திருக்கிறேன். தாய்மாமன் என்று எழுதியிருக்கிறேன். சாட்சி வேண்டுமென்றால் பள்ளிக்கூட வாசலில் அவர் சொன்னதைக் கேட்ட இருபத்தைந்து பேரும் வந்து கையெழுத்துப் போடுவார்கள்.

இந்த ஊரில் எங்களைத் தவிர என் மகளுக்கு இருக்கும் ஒரே சொந்தம் அந்தக் குழியில் இருக்கிறார். அவளை அவர் கையில் கொடுத்துவிட்டால் நாங்கள் வேலைக்குப் போவோம்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்
(கையொப்பம்)

குழந்தையின் தகப்பன்
(கையொப்பம், இந்த முறை நான் முதலில் போட்டேன், அவர் இரண்டாவது)

நாள்: ஆகஸ்ட் 19
இடம்: மேற்படி மூன்றாம் மாடி

இணைப்பு: தங்கள் மறுப்புக் கடிதம், ஜனவரி 17 அடக்கப் பதிவின் நகல், மருத்துவமனைச் சான்று, நிரப்பிய படிவம்.