செபம் முடியட்டும் என்று

ஊதி அணைத்த மெழுகுதிரியின் புகை மணம் எனக்கு ஆகாது. நீங்கள் போன பிறகுதான் இப்படி. போன கிழமை லின்ஃபீல்ட் வீட்டில் மகனின் பிறந்தநாளுக்குக் கேக் வைத்தோம். அவன் திரிகளை ஊதியதும் நான் எழும்பிப் போய் யன்னலைத் திறந்தேன். பின்னால் வந்து நின்றவன் திடீரென்று சொன்னான்.

"அம்மா, இனியும் மறைக்கேலாது. அப்பாவுக்குப் போர்த்துக்கல் போகமுதலே தெரியும். நெஞ்சு சரியில்லை, பயணம் கூடாது எண்டு எப்சத்தில இருக்கிற டொக்டர் சொன்னவர். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்."

கேக் வெட்டும் கத்தி என் கையிலேயே இருந்தது. இத்தனை காலமும் உங்களுக்காக அழுதேன். அன்றுதான் உங்களோடு கோபித்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை. நேரில் சண்டை பிடிக்க நீங்கள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

மகன் சண்டை நடக்கும் ஊரிலிருந்து உயிரோடு ஒக்லாந்து வந்து சேர்ந்தால், நாங்கள் இருவரும் போர்த்துக்கலில் இருக்கும் பாத்திமா மாதாவிடம் போய்த் திரி கொளுத்துவோம் என்று நேர்ந்தவள் நான்தான். அவன் வந்து சேர்ந்தான். மறு வருஷம், எண்பத்தாறில், லிஸ்பனில் போய் இறங்கினோம். பாத்திமாவுக்கு மறுநாள்தான் பஸ். ஒரு முழு நாள் கையில் இருந்தது. டிராமில் ஏறி ஊரைப் பார்ப்போம் என்றேன்.

"மன்னார்க் கோட்டையைக் கட்டினவங்களின்ரை ஊர். டிராமில போனா என்ன தெரியும்? நடப்பம்," என்றீர்கள்.

இப்போது அந்த நாளை நினைத்தால், ஒவ்வொரு சந்தியிலும் ஓடிவந்து உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலிருக்கிறது.

கல் பதித்த ஒழுங்கைகள் எல்லாம் மேல்நோக்கியே போயின. பூ ஓடு பதித்த சுவர்கள், தலைக்கு மேலே காயும் உடுப்புகள். ஒரு வாசலில் ஒருத்தி சாளை மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். மீன் மணம் பட்டாலே பசிக்கிற மனிதர் நீங்கள். அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தீர்கள். பயணக் களைப்பு என்றீர்கள், நம்பினேன்.

பிறகு கோயில்கள் தொடங்கின. முதல் கோயிலுக்குள் போய் வாங்கில் அமர்ந்து கண்ணை மூடினீர்கள். ஒழுங்கை திரும்பியதும் அடுத்த கோயில், அங்கேயும் அப்படியே. ஒக்லாந்தில் பிரசங்கம் தொடங்கினால், "முடியக் கூப்பிடும்" என்று சொல்லிவிட்டு சிகரெட்டோடு வெளியே போய் நிற்கிற ஆள், அங்கே ஒரு கோயிலையும் விடவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மாதா ஆளைத் திருத்திவிட்டாள் என்று நினைத்தேன்.

"என்னப்பா, இண்டைக்குச் சாமியாராப் போறதெண்டு முடிவோ?"

"சும்மா இரும். உமக்கும் சேத்துத்தான் செபிக்கிறன்."

கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள். அந்தக் குளிரிலும் உங்கள் சட்டைக் கொலர் நனைந்திருந்தது.

மலையுச்சியில் அவர்களுடைய பழைய கோட்டை. அதற்குக் கீழே இருந்த கடைசிக் கோயிலில், சாவிக்கொத்தோடு நின்ற கிழவர் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பிறகு என்னிடம் திரும்பி, தன் நெஞ்சில் கையை வைத்து, உங்களைக் காட்டிப் படபடவென்று ஏதோ சொன்னார். எனக்கு அவருடைய பாஷை தெரியாது. அண்ணாந்து பார்த்தால், உங்கள் தலைக்கு நேர்மேலே திருவிருதய ஆண்டவர் சுரூபம், நெஞ்சில் கை வைத்தபடி. உங்கள் பக்தியை மெச்சுகிறார் என்று எண்ணி, "யெஸ், யெஸ்" என்று தலையாட்டி உண்டியலில் காசு போட்டேன். அவர் தன் தலையில் கையை வைத்துக்கொண்டார். நீங்கள் சிரித்தீர்கள். அவர் சொன்னது உங்களுக்கு விளங்கியிருந்தது, அப்படித்தானே? நாங்கள் மேலே ஏறி மறையும்வரை அவர் வாசலைவிட்டு அசையவில்லை.

கோட்டை மதிலிலிருந்து பார்த்தால் சிவப்புக் கூரைகளும் கடல்போல அகன்ற ஆறும் தெரிந்தன. நீங்கள் அதைப் பார்க்கவில்லை. பீரங்கி ஒன்றில் சாய்ந்து நின்றீர்கள், உதடு நீலம் பாரித்திருந்தது.

"நாளைக்கு பஸ் எத்தினை மணிக்கு?"

சொன்னேன். சற்று நேரத்தில் திரும்பவும் அதையே கேட்டீர்கள். "பிந்தக்கூடாது. நேர்த்தியை முடிச்சிடவேணும்."

என் நேர்த்தியில் உங்களுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குக் கண் கலங்கியது. நான் ஒரு விசரி, பைத்தியக்காரி.

மறுநாள் பாத்திமாவில் ஒரே திரியை இருவருமாகப் பிடித்துக் கொளுத்தினோம். பிறகு நீங்கள் வாங்கில் அமர்ந்து கண்ணை மூடினீர்கள். செபம் முடியட்டும் என்று பக்கத்தில் காத்திருந்தேன். செபமாலை முழுவதும் சொல்லி முடித்தேன். வெயில் இறங்கியது. காற்றில் திரிகள் அணைந்து புகை வந்தது. குளிரப்போகிறது, எழும்புங்கோ என்று அப்போதுதான் உங்கள் கையைத் தொட்டேன்.

சொல்லியிருந்தால் நான் பயணத்தை நிறுத்தியிருப்பேன். அது உங்களுக்குத் தெரியும். நேர்த்தி தவறினால் மகனுக்கு ஏதும் நடந்துவிடும் என்று பயந்தீர்களா? அப்படியென்றால், பிரசங்கத்துக்கு வெளியே நின்ற நீங்கள்தான் என்னைவிடப் பெரிய விசுவாசி. அந்த வாங்குகளில் ஒரு தடவையாவது உண்மையாகச் செபித்தீர்களா, மூச்சுத்தான் வாங்கினீர்களா? எனக்கு இதைச் சொல்ல இனி ஆளில்லை.

கோயிலுக்குப் போகாமல் விடவில்லை. ஆனால் பீடத்தைப் பார்ப்பதில்லை. கண்மூடி இருக்கிறவர்களின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்க்கிறேன். போன ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் முன்வாங்கில் ஒரு வெள்ளைக்காரர் அசையாமல் இருந்தார். தடித்த கோட்டுக்குள் மூச்சு தெரியவில்லை. போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். மனிதர் திடுக்கிட்டு விழித்துச் சினந்து விழுந்தார். மகன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு என்னை வெளியே இழுத்தான்.

"அம்மா, அவர் செபம் செய்யிறார்!"

"செய்யட்டும்," என்றேன். "மூச்சு விட்டுக்கொண்டு செய்யட்டும்."