மூன்று தடவை துடைத்த லேப்டாப்

உன் லேப்டாப்பின் சார்ஜர் என் மடியில் கிடக்கிறது. கறுப்புச் செங்கல் மாதிரி கனம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது உன் மகள் கொடுத்தாள். இப்போது நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் அவள்தான். திட்டுகிற இடத்தையும் விடாமல் எழுதம்மா என்று சொல்லியிருக்கிறேன். அப்பன் போய் ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணிடம் இப்படிச் சொல்வது தப்புதான். ஆனால் உன்மேல் இருக்கிற கோபத்தை வேறு எங்கே போய்க் கொட்டுவேன்?

வருடத்தை எண்ணால் சொல்ல எனக்கு வராது. திருப்பதித் தெருக்களில் கார்கள் மிதந்தனவே, அந்த மழை. கொரோனா இரண்டாம் தடவை வந்து நம் தெருவில் மூன்று பேரைக் கொண்டுபோனதும் அதே வருடம். ஜில்லாவை இன்னும் வெட்டவில்லை, நம் புத்தூர் சித்தூரோடுதான் இருந்தது. மழை விட்ட மறுவாரம் நீ பலமனேரில் ஒரு கல்யாணத்துக்குப் போனாய். திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக் கட்டிலில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாய்.

"டேய் மூட்டை, உக்காரு. உன் தம்பி பேசறான், கேளு."

எனக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது ஏன் என்று ஊருக்கே தெரியும். எங்கள் பங்குக் கிணற்றில் தன் பாதியை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அயலானுக்கு விற்றுவிட்டு பலமனேரில் தக்காளி போடப் போனவன் அவன். அன்றைக்கு நான் சித்தூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். செய்தியை எனக்குச் சொன்னது வாங்கினவன். அதிலிருந்து தம்பி என்ற சொல்லே என் வாயில் வரவில்லை.

அங்கே அவனைப் பேசவைத்து நீ பதிவு பண்ணிக்கொண்டு வந்த குரல் லேப்டாப்பில் வந்தது. எடுத்த எடுப்பிலேயே வசவு. "அண்ணனா அவன்? மண்டிக்காரன் கூப்ட்டா ஓடுவான், நான் கூப்ட்டா காது கேக்காது. நைனா செத்த அன்னிக்கும் மூட்டை தூக்கிக்கினு இருந்தவன்தானே..." அதுவரைதான் கேட்டேன். மூடியை அறைந்து சாத்தினேன். உன் விரல் நடுவில் மாட்டிக்கொண்டது. அதற்காக நான் வருத்தப்படவில்லை, இப்போதும் இல்லை.

"கடைசியில ஒண்ணு சொல்லிக்கிறான்டா. அத்த மட்டும் கேட்டுட்டு சாத்து" என்றாய், விரலை ஊதிக்கொண்டே.

"வேணா."

"நானாவது சொல்லட்டா?"

"உன் வாயால கேட்டா என் காதுதான் அழுகும். எட்து உள்ள வைடா ரேடியோ."

உன்னை நான் ரேடியோ என்று கூப்பிட்டதே நீ ரேடியோ பிரித்த நாளில் இருந்துதான். பிறகு டிவி பிரித்தாய், கடைசியில் கம்ப்யூட்டர். ஊரெல்லாம் கைப்பேசியில் படம் பிடிக்க, நீ மட்டும் அந்தத் தடித்த கறுப்பு லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தாய். கைப்பேசியில் பிடித்திருந்தால் நாலு பேரிடமாவது அது போயிருக்கும். உன் திமிர் அதற்கு விடவில்லை.

ஜில்லாவை வெட்டின பிறகு வந்த மாங்காய் பருவத்தில் அதை விற்கக் கிளம்பினாய். நெட்டில் உன்னை மாதிரிப் பைத்தியங்களுக்கு ஒரு குழு. புது மெஷினைக் கண்டால் மூக்கைச் சுளித்து, பழசுக்கு அடித்துக்கொள்கிற ஜனம். மெஷின் நிஜமாகவே கையில் இருக்கிறது என்று காட்ட, பேரும் தேதியும் எழுதின சீட்டைப் பக்கத்தில் வைத்துப் படம் போட வேண்டுமாம். அந்தச் சீட்டை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாய்.

"இன்னாடா எழ்திக்கிது?"

"உன்ன தூக்குல போட உத்தரவு. ஆட்டாம புடி."

ஒருவன் கீல் ஆடுதா என்று கேட்டான். ஒருவன் சாவிப்பலகையில் தட்டுகிற சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னான். நீ ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, பெண்பார்க்க வருகிறவர்கள் தோற்றார்கள் என்று பல்லிளித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்தினாய்.

"டிஸ்க்கைக் காலி பண்ணித்தான் குடுக்கணும், அது குழுவோட கட்டுப்பாடு. உள்ள உன் தம்பி இருக்கறான். இன்னா பண்ண?"

"அழிச்சுடு."

"நெஜமாவா?"

"ரெண்டு தடவ கேக்காத. அழி."

நாலு மாதத்தில் தம்பி செத்தான். நான் பலமனேர் போனேன், தெருமுனையில் நின்றேன், பாடை போனதும் பஸ் ஏறினேன். அன்றிரவே உன்னிடம் வந்திருக்கலாம். வரவில்லை. நீ அழித்திருக்க மாட்டாய் என்று அவ்வளவு உறுதியாக இருந்தேன். எதையும் இரண்டாக வைத்திருப்பவன் ஆயிற்றே நீ! ஈயம் பற்றவைக்கிற சூடுகோல் இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு. தம்பியையும் எங்கோ இரண்டாவதாக வைத்திருப்பாய், என் வீம்பு தணிந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினேன். நீயும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்தாய், போனாய்.

உன் மகள் வீட்டில் இருந்த டிஸ்க்கையெல்லாம் போட்டுப் பார்த்தாள். இல்லை. வாங்கினவனைத் தேடிப் பிடித்தாள். திருப்பதியில், அலிபிரி போகிற வழியில் ஒரு மாடி அறை. அலமாரியில் அதே ஜாதி லேப்டாப் ஒன்பது. அவன் தெலுங்குக்காரன், தமிழும் பேசினான். உன்னுடையதை எடுத்துக் கொடுத்தபோது சாமி படத்தைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தான்.

"ஏமி லேது தாத்தா. ஒண்ணும் இல்ல. சார் மூணு தடவ துடைச்சி குடுத்தாரு. நாங்க ஒரு தடவதான் துடைப்போம். நம்மள்ல சார் மாதிரி சுத்தமான மனுசன் இல்ல."

சுத்தமான மனுசன்! அங்கேயே அதைத் தரையில் போட்டு உடைக்கலாம்போல் இருந்தது.

அறுபது வருடம். பீடியை விடு என்றேன், விட்டாயா? மழை விட்ட கையோடு பலமனேர் போகாதே என்றேன், கேட்டாயா? என் பேச்சு ஒன்றையும் மதிக்காதவன், அந்த ஒரு பேச்சை மட்டும் ஏன்டா மூன்று தடவை மதித்தாய்? உன்னை மன்னித்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. படிக்காதவனுக்கு ஒரு தடவை காதில் விழுந்தால் போகாது என்று உனக்குத் தெரியும். தம்பியின் வசவு, மூச்சு வாங்கின இடம் உட்பட, என்னிடம் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் இல்லை.

இதை எழுதும்போதுதான் உன் மகள் தலை நிமிர்ந்தாள். "பெரிப்பா, பதிவு பண்ணும்போது அவர் பொண்டாட்டி கதவாண்ட நின்னு முழுசும் கேட்டாங்களாம். அப்பா சொல்லிக்கிறாரு."

தம்பி பொண்டாட்டி. நான் அவளுக்கு மூத்தார். கல்யாணமாகி வந்த நாள்முதல் அவள் என் எதிரில் நின்றதில்லை, நான் அவளிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அது. எனக்குத் தண்ணீர் வைத்தாலும் செம்பைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கிணற்றை விற்கச் சொன்னதே அவள்தான் என்று ஊரெல்லாம் பேசினவன் நான்.

காலை பஸ்ஸில் பலமனேர் போகிறேன். அவள் வாசலில் நின்று கூப்பிட வேண்டும். உள்ளே இருக்கிறவளை எப்படிக் கூப்பிடுவது? பேரைச் சொல்லித்தான். இத்தனை வருடத்தில் அந்தப் பேரை நான் உச்சரித்ததே இல்லை.

உன் மகள் பேனாவோடு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதிக்கொள்ளம்மா. அவன் கடைசியில் சொன்னதைக் கேட்டவர்களில் உயிரோடு மிச்சம் ஒருத்திதான். பச்சையம்மா.