சித்தியின் துவைக்கிற கல்

கரையான்சாவடி,
12-2-1989

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு வணக்கம். ஜபல்பூரில் குளிர் குறைந்ததா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதப்போகிறேன். பயப்படும்படி எதுவுமில்லை.

சித்தி வீடு இருக்கும் புது மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள் அல்லவா? நாங்கள் விளையாடுவதும் நான் படிப்பதும் அங்கேதான். இன்று காலை கலியமூர்த்தி என்பவர் ஐயரோடு வந்து, அதுதான் தன் மனை என்று நினைத்து, அங்கே பூமி பூஜைக்குக் குழி தோண்ட ஆரம்பித்தார்.

"இது பார்க் இடம் சார்" என்றேன்.

"இன்னா பாப்பா சொல்றே? பார்க்குன்னா அதுக்குக் கல்லு எங்க கீது?"

உண்மையிலேயே அடையாளத்துக்கு நட்டிருந்த கல்லைக் காணோம். பூஜை போட்டுவிட்டால் பிறகு யார் சொன்னாலும் இடம் மாற்றமாட்டார். பொங்கலுக்கு முன் சித்தி வீட்டுக்கு ஒரு கல் வந்தது சட்டென்று நினைவுக்கு வர, ஓடிப்போய்த் துவைக்கிற கல்லைப் புரட்டினேன். அடியில் சிவப்புப் பெயிண்டில் 'பூங்கா' என்றிருந்தது!

"சாய்ஞ்சு கெடந்துச்சுடி, சும்மாதானே கெடக்குதுன்னு எடுத்தாந்தேன்" என்றார் சித்தி.

சித்தப்பாவும் நானும் சோப்பு நுரையோடு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கலியமூர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல வேளை, என் மனைக் கல்லையும் நீங்க தொவைக்க எடுத்துகினு போவல!" நல்ல நேரம் முடிவதற்குள் பக்கத்திலிருந்த அவருடைய மனையில் பூஜை நடந்தது. எனக்கும் சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது.

அப்பா, என் அட்லஸை அனுப்புங்கள். அம்மா, அதோடு உன் பழைய புடவை ஒன்றும் வை. துவைக்காமலே வை. போர்த்திக்கொள்ளத்தான். சித்தி விளக்கை அணைத்துவிட்டார், இந்த வரி கோணலாகத்தான்

குணசுந்தரி